கோமதிநாயகம் இறங்கும் வரை

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஜெனிபர் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். துணை மின் நிலையத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் ஆபரேட்டர். ரசம் வருகிறவரைக்கும் வேலைக் கதைதான். புதிய முறை ஒன்று வந்திருக்கிறதாம். லைனில் வேலை முடித்த ஆளின் செல்போனுக்கு ஒரு நம்பர் வரும். அவர் அதைச் சொன்னால்தான் லைனுக்குக் கரண்ட் கொடுக்க முடியும்.

"நீங்க இருந்தப்ப இதெல்லாம் இல்லையே சார். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே பேரா வேற இருக்கு. ஆளை எப்படி சார் அடையாளம் கண்டுக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி என்னவோ சாதாரணமானதுதான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து, இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் பெயருக்குப் பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். பஞ்சம் இல்லை, பாசம். அம்மன் பெயர் கோமதி. சுவாமி சங்கரநாராயணர். பெண் பிறந்தால் கோமதி, ஆண் பிறந்தால் சங்கரன், சங்கரநாராயணன், கோமதிநாயகம், கோமதிசங்கர். நான் சங்கரநாராயணன். என் மனைவி கோமதி, என் தம்பி மனைவியும் கோமதி. லாட்ஜ், பாத்திரக்கடை, ஒர்க்‌ஷாப், ரைஸ் மில் எல்லாம் அம்மன் பெயரில். ஊரின் மேற்கே முளைத்த குடியிருப்பு கோமதி நகர். அதற்கும் ரைஸ் மில்லுக்கும் ரத வீதிகளுக்கும் மின்சாரம் கொண்டுபோகிற உயர் அழுத்த லைனுக்கு எங்கள் ஆபீசில் கோமதி பீடர் என்று பெயர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு என்ஜினீயர் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பீடருக்கெல்லாம் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போடச் சொன்னார். போட்டோம். அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கு நம்பரும் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. படித்தேன், கம்பம் ஏறினேன், ஒரு முறை விழுந்து இடது தோள் இறங்கியது. அதன்பிறகு உட்கார்ந்து செய்கிற வேலையாக ஆபரேட்டர் வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்துத்தான் நானும் போனேன்.

அந்த வேலையின் உயிர்நாடி எல்.சி. என்று நாங்கள் சொல்கிற லைன் கிளியர். ஒருவர் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஆபரேட்டரிடம் எல்.சி. கேட்பார். ஆபரேட்டர் லைனுக்குப் போகிற மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கரை நிறுத்துவார். வெளியே கம்பிகளும் சுவிட்சுகளும் நிற்கிற யார்டில் இறங்கி சுவிட்சைத் திறந்து பூட்டுப் போடுவார். லைனைப் பூமியோடு இணைத்து, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையைத் தொங்கவிடுவார். அப்புறம்தான் "எல்.சி. கொடுத்தாச்சு, ஏறலாம்" என்று சொல்வார். வேலை முடிந்ததும், எல்.சி. வாங்கிய அதே ஆள் தன் வாயால் "ரிட்டன்" என்று சொல்ல வேண்டும். ஒரே லைனில் இரண்டு கோஷ்டி வேலை செய்தால் இரண்டு பேரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் முறை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற கம்பியை ஒருவர் வெறும் கையால் பிடிக்கிறார். என் ஒரு வார்த்தையை நம்பிப் பிடிக்கிறார். முதல் வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எனக்குத் தைரியம் சொன்னது எங்கள் போர்மேன் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்துவிட்டால் ஆபீசில் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டோம். எந்த எல்.சி.யாக இருந்தாலும், ஆபரேட்டர் பூட்டிய பூட்டைப் பாய் ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். என்மேல் சந்தேகமா பாய் என்று ஒரு நாள் கேட்டேன். பூட்டு மேலதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஆபீசுக்கென்று அவர் ஒரு சொந்த முறை வைத்திருந்தார். எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. எல்.சி. கேட்கிறவரிடம், "காலைல என்ன சாப்பிட்டீரு?" என்று ஆபரேட்டர் கேட்க வேண்டும். ரிட்டன் சொல்லும்போது மறுபடியும் அதையே கேட்க வேண்டும். பதில் ஒத்துப்போக வேண்டும். நான் புதிதாகச் சேர்ந்தபோது சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீரும் வே. எங்க தெருவுல நின்னு மைதீனேன்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரும், வாசலுக்கு ஒரு தலை எட்டிப் பாக்கும். பேரு ஒண்ணா இருக்கலாம். தின்ன சோறு ஒண்ணா இருக்காதுல்லா," என்றார்.

அந்தக் கேள்வி ஒரு முறை உயிரையே காப்பாற்றியது. சங்கரன் என்ற ஒயர்மேன் இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும் சாப்பிட்டதாகச் சொல்லி எல்.சி. வாங்கியிருந்தார். மத்தியானம் "சங்கரன் பேசுதேன், ரிட்டன்" என்று போன் வந்தது. கேட்டேன். உப்புமா என்றது குரல். பேசியது அவருடைய உதவியாள், அவர் பெயரும் சங்கரன். அண்ணன் இறங்கியிருப்பார் என்று நினைத்து, அவரே உதவி செய்வதாகப் போன் பண்ணிவிட்டார். அண்ணன் அடுத்த கம்பத்தில் ஏறியிருந்தார். பாய் கண்ணாடியைக் கழற்றினார். அன்று சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

இனி அந்த ஆடித்தபசு நாளுக்கு வருகிறேன்.

சிவனும் பெருமாளும் ஒரே உருவமாகக் காட்சி தர வேண்டும் என்று அம்மன் தவம் இருந்து, அந்தக் காட்சியைக் கண்ட நாள் ஆடித்தபசு. காட்சி நடப்பது சாயங்காலம். சுற்று வட்டாரத்து ஜனம் முழுவதும் அன்றைக்கு ரத வீதிகளில்தான் இருக்கும். பருத்தியும் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள், அம்மன் சப்பரத்தின்மேல் எறிவதற்கு. எங்களுக்குப் பண்டிகை கிடையாது, டூட்டிதான். பக்கத்து ஊர்களிலிருந்து கூடுதல் ஆட்களை அனுப்புவார்கள். அந்த வருஷம் சிவகிரியிலிருந்து ஒரு கோமதிநாயகமும் குருவிகுளத்திலிருந்து ஒரு கோமதிநாயகமும் வந்தார்கள். இரண்டு பேரோடும் எனக்கு முன்பின் பழக்கம் இல்லை. அவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

ஆடிக் காற்று அன்றைக்குப் பேயாக அடித்தது. மத்தியானத்துக்கு மேல் கோமதி பீடரில் இரண்டு இடத்தில் கோளாறு. கோமதி நகரில் ஒரு கம்பத்தில் இணைப்புக் கம்பி கருகிவிட்டது. கோமதி ரைஸ் மில்லுக்குப் பின்னால் வேப்பங்கிளை விழுந்து லைன் அறுந்துவிட்டது. ரத வீதிகளுக்கு வேறு வழியில் சப்ளை கொடுக்கிற லைனும் காலையிலேயே படுத்துவிட்டது. நகருக்குச் சிவகிரிக்காரர் போனார், மில்லுக்குக் குருவிகுளத்துக்காரர். இரண்டு பேருக்கும் தனித்தனி நம்பர் போட்டு எல்.சி. கொடுத்தேன். இன்னொரு கோஷ்டியும் லைனில் இருக்கிறது என்று இருவரிடமும் சொன்னேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டேன். ஒன்றும் சாப்பிடவில்லை, இன்றைக்குத் தபசு விரதம் என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். பாயிடம் சொன்னேன். "நானும் பட்டினிதான் வே, இன்னைக்கு ஒருத்தன் வீட்டுலயும் அடுப்பு எரியல," என்றார். அவர் ஆடித்தபசன்று எங்களோடு சேர்ந்து பட்டினி கிடப்பது வழக்கம்.

இருட்ட ஆரம்பித்த நேரம். கூட்டத்தில் செல்போன் சிக்னல் சுத்தமாகச் செத்துவிட்டது. எங்கள் லேண்ட்லைன் அடித்தது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்.

"கோமதிநாயகம் பேசுதேன். கோமதி... வேலை முடிஞ்சு. ரிட்டன்."

கோமதி நகரா, கோமதி மில்லா என்பது இரைச்சலில் போய்விட்டது. எந்தக் கோமதிநாயகம் என்று கத்திக் கேட்டேன்.

"கரண்ட் ஆபீஸ் கோமதிநாயகம்தான் வே!"

சாப்பாட்டைக் கேட்டேன், விரதம் என்றது குரல். எல்.சி. நம்பரைக் கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி கோமதிநாயகம், மறுபடி ரிட்டன், மறுபடி விரதம், மறுபடி நம்பர் வருவதற்குள் இரைச்சல். அதே குரலா, வேறு குரலா? நாள் முழுக்கக் காற்றில் கத்திய தொண்டை யாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த போன் ரத வீதியில் இருந்த போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து. அங்கே இருந்த எங்கள் என்ஜினீயர் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சப்பரத்துக்கும் மைக்குக்கும் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது; தெருவெல்லாம் இருட்டு. லட்சம் ஜனம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறது. தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிட்டது, குழந்தைகள் அலறுகின்றன, ஒரு உந்து வந்தால் எத்தனை பேர் மிதிபடுவார்கள் என்று தெரியாது என்றார். ரிட்டன் வந்துவிட்டதா என்று கேட்டார். இரண்டு கால் வந்தது, இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன் என்றேன். சந்தேகத்துக்காக இத்தனை உயிரை இருட்டில் வைக்க முடியுமா, உடனே லைனைச் சார்ஜ் பண்ணுங்கள், கரண்டை விடுங்கள் என்றார்.

நான் என்ன செய்வேன்? ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் ஒரு ஆள். பாய் என்னிடமிருந்து போனை வாங்கினார். கண்ணாடியைத் தொடவில்லை.

"ஐயா, மைதீன் பேசுதேன். பூட்டுச் சாவிய நான் எடுத்துக்கிட்டேன். சங்கரநாராயணன் நெனச்சாலும் இப்ப சார்ஜ் பண்ண முடியாது. ரெண்டு பேரையும் கண்ணால பாத்த பிறகுதான் சாவி இந்தப் பையை விட்டு வெளிய வரும். கூட்டத்துக்கு நான் பதில் சொல்லுதேன். மைக்க எனக்கு வாங்கித் தாங்க."

சொன்னபடியே யார்டுப் பூட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளம்பிவிட்டார். நான் தனியாக நின்றேன். எங்கள் நிலையம் ஊருக்கு வெளியே இருந்தாலும் திருவிழா இரைச்சல் நன்றாகக் கேட்கும். அன்று அந்த இரைச்சலில் ஒரு கலக்கம் இருந்தது. தூரத்தில் கடல் கொந்தளிப்பது மாதிரி ஏறி ஏறி வந்தது. ஊருக்குள் வருகிற எல்லா ரோட்டிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். எங்கள் வாசலிலும் ஒன்று. பக்திப் பாட்டு நின்றது. ஒரு இருமல் கேட்டது. பாய்.

"ஏ மக்கா. நான் கரண்ட் ஆபீஸ் போர்மேன் மைதீன் பேசுதேன். எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. கோமதிநாயகம்னு நம்ம பிள்ள ஒருத்தன் கரண்ட் வேலைக்குப் போஸ்ட் மேல ஏறியிருக்கான். எறங்கிட்டானா இல்லியான்னு எங்களுக்குத் தெரியல. தெரியாமக் கரண்ட் குடுத்தா அவன் உசுரு போயிரும். கோமதிநாயகம் எறங்குற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லுங்க. பிள்ளைகளக் கையில புடிச்சுக்கிடுங்க. கோமதி நகர்ப் பக்கம், ரைஸ் மில் பக்கம் இருக்கவுக போஸ்டுகள அண்ணாந்து பாத்து, ஆள் நின்னா எறக்கிக் கூட்டியாங்க. நம்ம பிள்ள, மக்கா. கோமதிநாயகம்."

இதையே இரண்டு முறை சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரைச்சல் அடங்கியது. ஒரே அடியாக இல்லை. ரத வீதியில் ஆரம்பித்து, கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு என்று ஒவ்வொரு பக்கமாக அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் வாசல்வரைக்கும் அமைதி வந்து நின்றது. ஆடிக் காற்றின் சத்தம் மட்டும்தான். லட்சம் பேர் இருக்கிற ஊர் அது என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தில் நின்ற என் மனைவி பிறகு சொன்னாள். பெயரைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற பெண், "எங்க சின்னவன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். முன்னால் நின்றவர் தன் மச்சானை நினைத்து, செத்துப்போன போனைத் திரும்பத் திரும்ப அமுக்கினாராம். ஒரு கோமதிநாயகம் இல்லாத குடும்பம் அந்தக் கூட்டத்தில் ஏது? தள்ளிக்கொண்டிருந்த ஜனம் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். யார் ஆரம்பித்தார்களோ, தெரு முழுக்க வாய்க்குள்ளேயே அம்மனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம்.

ரைஸ் மில்லுக்குப் பின்னால் அந்த நேரத்தில் குருவிகுளம் கோமதிநாயகம் கம்பத்தின் உச்சியில் இருந்தார். இடுப்புக் கயிற்றில் சாய்ந்து, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், அறுந்த கம்பியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் யாருக்கும் போன் பண்ணவில்லை. வேலையே முடியவில்லை, பிறகு எதற்குப் பண்ணுவார்? கோமதி நகரில் ஒரு வீட்டு லேண்ட்லைனிலிருந்து போன் பண்ணியது சிவகிரிக்காரர்தான். முதல் முறை போன் கட்டானதால், ஆபீசுக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்காதோ என்று பொறுப்பாக இரண்டாம் முறையும் பண்ணியிருக்கிறார்.

"எம்பேரு காத்துல வருது அண்ணாச்சி," என்று குருவிகுளத்துக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். "சாமியாடி கூப்பிடுதாரோன்னு நெனச்சேன். கீழ பாத்தா காட்டுக்குள்ள பைக்கு லைட்டா வருது. ஒவ்வொரு போஸ்ட் அடியிலயும் ஒருத்தன் நின்னு மேல பாக்கான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவர் முடிச்சைப் போட்டு முடித்துத்தான் இறங்கினார். யாரோ ஒரு பால்காரர் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிவகிரிக்காரரையும் இன்னொருவர் கொண்டுவந்து சேர்த்தார். பாயும் திரும்பி வந்துவிட்டார். இரண்டு கோமதிநாயகமும் என் மேஜைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்தார்கள். தனித்தனியாக ரிட்டன் சொன்னார்கள். பாய் இரண்டு பேரின் தோளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். பூமி இணைப்பை எடுத்தேன். பலகையைக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து பிரேக்கரை ஏற்றினேன். மீட்டர் முள் மெள்ள ஏறி நின்றது. ஊரிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், தபசுக் காட்சிக்கே அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும் பாயிடம் கேட்டேன். சிவகிரி, குருவிகுளம் என்று ஊரைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் தேடுவதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்குமே என்று.

"ஊரச் சொன்னா அந்த ஊர்க்காரன் மட்டும்லா வே பதறுவான்," என்றார்.

இதற்குள் எங்கள் கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள். எந்தக் கோமதிநாயகம், யார் மகன், ஆள் நல்லா இருக்கானா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். பாய் இரண்டு பேரையும் கேட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் விளக்கடியில் நிறுத்தினார். பார்த்தவர்கள், தங்கள் பிள்ளை இல்லை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் உடனே போகவில்லை. ஒருவர் குருவிகுளத்துக்காரரின் கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துத் திருநீறு பூசிவிட்டார்.

கடைசியாக ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஓடி வந்ததில் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. மடியில் கட்டியிருந்த பருத்தி எறியப்படாமல் அப்படியே இருந்தது. உங்கள் மகன் எந்த செக்‌ஷனில் வேலை பார்க்கிறார் அம்மா என்று நான் கேட்டேன்.

"கரண்ட் ஆபீஸ்ல இல்லய்யா. எம்மவன் கோமதிநாயகம் துபாய்ல லாரி ஓட்டுதான்," என்றாள். "அவன் இங்கன இல்லங்கது எனக்குத் தெரியும். பேரச் சொன்னீகள்ல, கால் நிக்கல."

அவள் குருவிகுளம் கோமதிநாயகத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ. எறங்கிட்டேல்லா. போதும்," என்று சொல்லிவிட்டு, அம்மன் சப்பரம் கோயிலுக்குத் திரும்புவதற்குள் பருத்தியை எறிந்துவிட வேண்டும் என்று வந்த வழியே வேகமாகத் திரும்பி நடந்தாள்.